தூங்குமூஞ்சிக் கல்லூரி

முதுநிலை மருத்துவத் தேர்வு முடிவு வந்த அன்று டாக்டர் சங்கமித்திரையை வாழ்த்த வந்தவர்களில் ஒருவர்கூட "என்ன படிக்கப் போற?" என்று கேட்கவில்லை. தேங்காய் பர்ஃபியை வாயில் போட்டுக்கொண்டு எல்லோரும் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "சரி, உனக்கு யாரு தூங்கப் போறா?"

இந்தக் கேள்வி இன்றைக்கு யாருக்கும் விசித்திரமாகப் படுவதில்லை. இருந்தாலும், டாக்டர்கள் இல்லாத வீட்டுக்காரர்களுக்காக ஒருமுறை சொல்லிவிடுகிறேன். ஆழ்ந்த தூக்கத்தில்தான் மூளை தன்னைத் தானே கழுவிக்கொள்கிறது. அந்த நேரத்தில் மட்டும் ரத்தத்தில் ஒரு பொருள் சுரக்கிறது. அதைப் பிரித்தெடுக்க வழி கண்டுபிடித்ததும், ஒருவர் தூங்கி இன்னொருவருக்குக் கொடுக்கலாம் என்றாகிவிட்டது. கொடுப்பவர் கையில் மெல்லிய ஊசியோடு படுத்துத் தூங்குவார். வாங்குபவர் அந்தத் திரவத்தை மூக்கில் இரண்டு சொட்டு விட்டுக்கொள்வார். அவ்வளவுதான், இரவெல்லாம் அடித்துப் போட்டாற்போல் தூங்கி எழுந்த தெளிவு வந்துவிடும். ஆனால் பெற்றோர், உடன்பிறந்தோர், பெற்ற பிள்ளை என்ற மூன்று உறவுக்குள்தான் அது ஒத்துப்போகும். எடுத்தவுடன் கொடுத்தாக வேண்டும், வைத்திருந்தால் கெட்டுவிடும். கொடுத்தவரோ எழுந்திருக்கும்போது தூங்காதவர் மாதிரியேதான் இருப்பார். ஆகவே அவர் தினமும் இரண்டு தூக்கம் தூங்க வேண்டும், ஒன்று டாக்டருக்கு, ஒன்று தனக்கு.

அரசு இதற்கு வைத்த பெயர் துணைத்தூக்கத் திட்டம். வேலை நேரத்தைக் குறையுங்கள் என்று பயிற்சி மருத்துவர்கள் தெருவில் உட்கார்ந்து போராடியதன் பலன் இது. நேரத்தைக் குறைக்க வேண்டுமென்றால் கூடுதலாக ஆள் போட வேண்டும். ஆள் போடுவதைக் காட்டிலும், வீட்டிலிருந்து ஒரு ஆளைக் கூட்டிக்கொண்டு வா என்று சொல்வது மேலிடத்துக்குச் சுலபமாக இருந்தது. அதிலிருந்து அறுவை மருத்துவம் படிக்க வேண்டுமானால் மதிப்பெண்ணோடு ஒரு துணையும் வேண்டும். கல்யாண விளம்பரத்தில் 'மணமகனுக்குத் துணை உண்டு' என்று கொட்டை எழுத்தில் போடுகிறார்கள். டாக்டராக ஒன்று, அதற்குத் தூங்க ஒன்று என்று திட்டம் போட்டு இரண்டு பெற்றுக்கொண்ட கெட்டிக்காரர்களும் நம்மிடையே இருக்கத்தான் செய்கிறார்கள்.

எல்லோரும் மித்ரா என்று கூப்பிடும் சங்கமித்திரையின் பெற்றோர் அந்த அளவுக்குக் கெட்டிக்காரர்கள் இல்லை. மதுரை வில்லாபுரத்தில் இருந்த அவர்களுக்கு அவள் ஒரே பெண். அப்பா ஜெயக்கொடி பஸ் டெப்போவில் மெக்கானிக். அம்மா பாண்டீஸ்வரி ரேஷன் கடையில் விற்பனையாளர். மித்ராவுக்கு அறுவை மருத்துவம்தான் வேண்டும், அதுவும் சென்னையில் இருக்கும் அந்தப் பெரிய கல்லூரியில்தான் வேண்டும். அவள் வாங்கிய ரேங்குக்கு அது கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. துணை மட்டும்தான் பாக்கி.

"இதுக்குப் போயி எதுக்கு இம்புட்டு யோசனை?" என்றார் ஜெயக்கொடி, மார்பைத் தட்டிக்கொண்டு. "என் தூக்கத்தைப் பத்தி இந்தத் தெருவுக்கே தெரியும். படுத்தேன்னா இடியே விழுந்தாலும் எந்திரிக்க மாட்டேன். மூணு வருசம் லீவு போட்டுட்டு வந்து தூங்குறேன். ஆயுசு பூரா ஸ்பேனரைத் தூக்குனவனுக்கு இது ஒரு வேலையா?"

அவர் சொன்னதில் பொய் இல்லை. அவருடைய குறட்டைக்குப் பக்கத்து வீட்டு நாய்கூடப் பதில் கொடுக்கும். பரிசோதனைக்குப் போகும்போது புதுச் சட்டை போட்டுக்கொண்டு போனார். முடிவு வந்ததும்தான் முகம் தொங்கிப்போனது. குறட்டை விடுகிறவர்கள் நன்றாகத் தூங்குவதாக நாம்தான் நினைத்துக்கொண்டிருக்கிறோமாம். மூச்சு அடைத்து அடைத்து, உடம்பு அவரை இரவு முழுவதும் உலுக்கிக்கொண்டே இருக்கிறதாம். அந்தத் தூக்கத்தில் எடுப்பதற்கு ஒரு சொட்டுகூடத் தேறவில்லை.

"அப்ப இத்தனை வருசமா நான் தூங்கவே இல்லையா?" என்று வாசலில் நின்றுகொண்டு இரண்டு மூன்று தடவை கேட்டார். யாரோ அவருடைய பட்டத்தைப் பறித்துக்கொண்ட மாதிரி இருந்தது அவருக்கு. மித்ராவுக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. அப்பா இல்லையென்றால் மீதி இருப்பது அம்மா மட்டும்தான்.

பாண்டீஸ்வரி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "நான் எதுக்கு இருக்கேன்? நான் தூங்குறேன். எனக்குப் படுத்தாப் போதும், கண்ணு தானா மூடிக்கும்."

மூன்று நாள் உறக்கப் பரிசோதனை மையத்தில் தங்க வேண்டும். பாண்டீஸ்வரி ஒரு போர்வையும் தைலப் புட்டியும் எடுத்துக்கொண்டு கிளம்பினாள். அந்த இடைவெளியில் மித்ரா சென்னைக்குப் போனாள். கலந்தாய்வுக்கு முன்னால் கல்லூரியில் படிக்கும் சீனியர்களைப் பிடித்து எந்த யூனிட் எப்படி, எந்தச் சீஃப் கத்தியைக் கையில் கொடுப்பார், எவர் மூன்று வருஷமும் விளக்குப் பிடிக்க விடுவார் என்றெல்லாம் விசாரித்துக்கொள்வது எல்லாரும் செய்வதுதான். அவளுக்கு அங்கே டாக்டர் இம்மானுவேல் இருந்தான். இளநிலையில் அவளுக்கு இரண்டு வருஷம் மூத்தவன், இப்போது பெரிய கல்லூரியில் அறுவை மருத்துவம்.

அவனைப் பார்த்ததும் அசந்துபோனாள். முந்தின நாள் காலையில் மருத்துவமனைக்குள் நுழைந்தவன் மறுநாள் மதியம் ஆகியும் வெளியே வரவில்லை என்றான். முகத்தில் அதன் சுவடே இல்லை. அறுவை அரங்கில் அவன் கை ஓடிய வேகத்தைப் பார்த்து அவளுக்கு உண்மையிலேயே பொறாமையாக இருந்தது.

"வந்துரு மித்ரா," என்றான் கேன்டீனில். "ரெண்டு வருசத்துல நான் பார்த்த கேஸை வெளியில இருக்கவன் பத்து வருசத்துல பார்க்க மாட்டான். திட்டத்தைக் குறை சொல்றவங்க நிறையப் பேரு. ஆனா இது வந்தப்புறம் இங்க எமர்ஜென்சில சாவு எவ்வளவு குறைஞ்சிருக்கு தெரியுமா? தூக்கக் கலக்கத்துல தப்பா ஊசி போடுறதுங்கிற பேச்சே இல்ல."

"துணை இல்லாம எங்கயுமே சர்ஜரி கிடையாதாண்ணே?"

"ஒரே ஒரு இடம் இருக்கு. தேனிப் பக்கம் மலையடிவாரத்துல புதுசா வந்த காலேஜ். அங்க அவனவன் தூக்கத்தை அவனவன் தூங்கணும். முறை வச்சு வேலை, முடிஞ்சா வீட்டுக்குப் போயிரணும். அதனால மூணு வருசப் படிப்பு அஞ்சு வருசம். நாங்க அதைத் தூங்குமூஞ்சிக் காலேஜ்னுதான் சொல்லுவோம்." சொல்லிவிட்டு அவனே விழுந்து விழுந்து சிரித்தான். "உன் ரேங்குக்கு அங்க போனேன்னு வையி, ஊரே சிரிக்கும்."

"உங்களுக்கு யாரு தூங்குறது?"

"அக்கா. வா, காட்டுறேன்."

மருத்துவமனைக்குப் பின்னால் ஒரு கட்டடம். கனத்த திரைகளுக்கு உள்ளே பட்டப்பகலில் இருட்டு. பெரிய வார்டுதான், ஆனால் முனகல் இல்லை, இருமல் இல்லை. இருபுறமும் கட்டில்களில் ஆட்கள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். அப்பாக்கள், அம்மாக்கள், மீசை முளைக்கத் தொடங்கிய தம்பிகள். ஒவ்வொரு கட்டிலின் தலைமாட்டிலும் ஒரு பெயர். அது தூங்குபவரின் பெயர் இல்லை, டாக்டரின் பெயர்.

'டாக்டர் இம்மானுவேல்' என்று எழுதியிருந்த கட்டிலில் முப்பது வயதுப் பெண் ஒருத்தி ஒருக்களித்துப் படுத்திருந்தாள். கட்டிலுக்குக் கீழே ஒரு சின்னப் பெண் குழந்தை சம்மணமிட்டு உட்கார்ந்து படத்துக்கு வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தாள். மித்ராவைப் பார்த்ததும் உதட்டில் விரலை வைத்தாள். "அம்மா டூட்டில இருக்காங்க," என்றாள் கிசுகிசுப்பாக.

இரண்டு பேரும் வெளியே வந்தார்கள்.

"மாமா துபாய்ல இருக்காரு. அதனாலதான் பாப்பாவையும் கூட்டிட்டு வந்துட்டா," என்றான் இம்மானுவேல், கேட்காமலே. "அக்காவை நல்லாத்தான் பார்த்துக்கிறேன். சாப்பாடு, ரூம், எல்லாமே நான்தான். ஆனா பேசிப் பல மாசம் ஆச்சு மித்ரா. நான் முழிச்சிருக்கப்ப அவ தூங்கணும், அதுதானே கணக்கு. கொஞ்ச நேரம் அவ எந்திரிச்சிருப்பா. அப்ப நான் தியேட்டர்ல இருப்பேன். போன வாரம் பாப்பாவுக்குப் பல்லு விழுந்துச்சாம். ரெண்டு பேருக்குமே தெரியல, வார்டு ஆயாதான் சொன்னாங்க." அவன் கையைப் பிசைந்துகொண்டான். பிறகு, "இன்னும் ஒரு வருசம்தானே," என்று தனக்கே சொல்லிக்கொள்வதைப்போல் சொன்னான்.

ரயிலில் திரும்பி வரும்போது மித்ராவுக்கு அந்தக் குழந்தையின் விரலும் நினைவில் வந்தது, அறுவை அரங்கில் ஓடிய இம்மானுவேலின் கையும் நினைவில் வந்தது. உண்மையைச் சொல்வதானால் கைதான் அதிகம் வந்தது. என் அம்மாவுக்கு என்ன, சின்னக் குழந்தையா இருக்கிறது? கூடவே வைத்துக்கொள்வேன், தினமும் ஒருவேளையாவது சேர்ந்து சாப்பிடுவேன், மற்றவர்கள் மாதிரி விட்டுவிட மாட்டேன் என்றெல்லாம் மனசு வக்கீல் மாதிரி வாதாடியது. மதுரை வருவதற்குள் வழக்கு ஜெயித்துவிட்டது. கைப்பேசியில் விருப்பப் பட்டியலைத் திறந்து பெரிய கல்லூரியை முதலில் வைத்தாள். பட்டியலைப் பூட்டுவதற்கு மறுநாள் மாலை ஐந்து மணி வரை நேரம் இருந்தது.

மறுநாள் காலை உறக்கப் பரிசோதனை மையத்தின் மருத்துவர், டாக்டர் மெகருன்னிசா, அம்மாவையும் மகளையும் எதிரில் உட்கார வைத்தார். வளவளவென்று பேசுகிற ஆள் இல்லை அவர்.

"உங்க அம்மா தூங்கல," என்றார்.

"முதல் நாளா மேடம்? இடம் புதுசு, அதனால..."

"மூணு நாளும் தூங்கல. படுத்தாங்க, கண்ணை மூடுனாங்க, அசையாமக் கிடந்தாங்க. கருவி தூங்கலன்னு சொல்லுது."

பாண்டீஸ்வரி பதறிவிட்டாள். "ஒரு தடவைகூடப் புரளலையேம்மா! அந்த நர்சுப் பொண்ணு வந்து எட்டிப் பாக்குறப்பெல்லாம் மூச்சை ஒரே சீரா விட்டேனே. கண்ணைத் தொறக்கவே இல்லையே!"

மித்ரா அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். "அம்மா, நீ தூங்குற மாதிரி நடிச்சியா?"

"நடிக்கலடி. தூக்கம் வரும் வரும்னு பார்த்தேன், வரல. சரி, தூங்குற மாதிரியே கெடந்தா அதுவாட்டுக்கு எடுத்துக்கிரும்னு நினைச்சேன்." தலையைக் குனிந்துகொண்டாள். பரீட்சையில் காப்பியடித்து மாட்டிக்கொண்ட பிள்ளை மாதிரி இருந்தது அவள் முகம். "உன் காரியம் கெட்டுப்போயிரக் கூடாதேன்னுதான்."

டாக்டர் மெகருன்னிசாவின் குரல் சற்று இறங்கியது. "சுத்தமாத் தூங்கலன்னு இல்ல. அப்பப்ப லேசா கண் அசருது. லிஃப்ட் சத்தம் கேட்டா முழிப்பு, யாராவது செருப்பு சத்தம் கேட்டா முழிப்பு. வாட்ச்மேன் நாற்காலில உட்கார்ந்து தூங்குவாருல்ல, அந்தத் தூக்கம். வீட்டுல யாராவது ஒருத்தர் முழிச்சிருந்தே ஆகணும்னு மூளை முடிவு பண்ணி வச்சிருக்கு. இது நேத்து வந்த பழக்கம் இல்லம்மா. எப்பருந்து?"

"எப்பருந்துன்னு கேட்டா..." பாண்டீஸ்வரி யோசித்தாள். "இவ பத்தாவது படிக்கிறப்பருந்து இருக்கும். விடியக்காலைல எழுப்பி விடணும்ல. அலாரம் வச்சா அமுக்கிட்டுத் தூங்கிருவா. அப்புறம் நீட்டு. அப்புறம் காலேஜு, அங்கருந்து டூட்டி முடிஞ்சு எந்நேரத்துலயும் போன் போடுவா, எடுக்கலன்னா பயந்துருவா. இப்ப இந்தப் பரீட்சைக்கு வீட்டுல இருந்துதானே படிச்சா. அவ படிக்கிறப்ப நான் கட்டையச் சாச்சேன்னா அவளுக்கும் கண்ணு சொருகிரும். அதனால அடுப்படில உக்காந்து வெங்காயம் உரிச்சுக்கிட்டுக் கெடப்பேன். வேற ஒண்ணுமில்லம்மா. எல்லா வீட்டுலயும் செய்யிறதுதான்."

எல்லா வீட்டிலும் செய்வதுதான். மித்ராவுக்கும் அது அப்படித்தான் இருந்தது. புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கினால் அடுப்படியில் விளக்கு எரியும், கேட்காமல் தேநீர் வரும். இதுவரை ஆயிரம் நோயாளிகளிடம் "தூக்கம் எப்படி?" என்று கேட்டிருக்கிறாள். அம்மாவுக்கு ரத்த அழுத்தம் வந்தபோது மாத்திரை எழுதிக் கொடுத்தவளே அவள்தான். உப்பைக் குறை என்றாள், நட என்றாள். அந்த ஒரு கேள்வியை மட்டும் கேட்கவில்லை. தலையில் நறுக்கென்று ஒரு குட்டு வைத்துக்கொள்ள வேண்டும்போல் இருந்தது அவளுக்கு.

"வழி இருக்கு," என்றார் டாக்டர் மெகருன்னிசா. "ஊசி போட்டு ஆழமாத் தூங்க வைக்கலாம். நிறையத் துணைகளுக்கு அப்படித்தான் பண்றோம். ஆனா ஒரு நாளைக்கு ஒரு தூக்கத்துக்குத்தான் அந்த ஊசி. ரெண்டாவது தூக்கத்துக்குப் போட்டா இதயம் தாங்காது."

"அப்ப அந்த ஒரு தூக்கம்?"

"உங்களுக்கு எடுத்தா அவங்களுக்கு இல்ல. அவங்க இப்ப இருக்கற மாதிரியே இருப்பாங்க. மூணு வருசம் போனா மறதி வரலாம், வராமலும் போகலாம். சட்டம் அதைக் கொடுக்குறவங்க விருப்பத்துக்கு விட்டிருக்கு."

"என் விருப்பம்தானே? போடுங்க," என்றாள் பாண்டீஸ்வரி, சட்டென்று. தெளிவு பிறந்துவிட்டது அவள் முகத்தில். "நான் எப்படியும் தூங்காமத்தானே இருக்கேன்? எங்கிட்ட இல்லாததை ஊசி போட்டு வரவச்சு அவகிட்டக் குடுக்கப் போறீங்க. இதுல எனக்கு என்னம்மா நட்டம்?"

டாக்டர் மெகருன்னிசா மித்ராவைப் பார்த்தார். ஒரு கணம் மித்ராவின் நாக்கு நுனிவரை 'சரி' வந்துவிட்டது. அம்மா சொல்வதில் நியாயம் இருக்கிற மாதிரியே இருந்தது. அப்படி இருந்ததுதான் அவளைப் பயமுறுத்தியது.

"சாயங்காலத்துக்குள்ள சொல்றோம் மேடம்," என்று எழுந்துகொண்டாள்.

ஆட்டோவில் ஆரம்பித்த சண்டை வீடு வரை வந்தது, சாப்பாட்டுத் தட்டு வரை வந்தது.

"வேணாம்மா. விட்டுரு. நான் பேத்தாலஜி எடுத்துக்கிறேன். நுண்ணோக்கியைப் பார்த்துக்கிட்டு நிம்மதியா இருப்பேன்."

"பேத்தாலஜியா? எத்தனை வருசமா சர்ஜன் சர்ஜன்னு சொல்லிச் சொல்லி என் காதுல ரத்தம் வர வச்சவ நீ. வெண்டைக்காயைக்கூட கத்தியைத் திருப்பித் திருப்பிப் பிடிச்சு நறுக்குவ. இப்ப வந்து கண்ணாடித்துண்டைப் பார்க்கப் போறாளாம்."

"நீ மறந்து போயி நின்னா நான் என்னம்மா பண்ணுவேன்? என்னையே யாருன்னு கேட்டா?"

"உன்னைய எப்படிடி மறப்பேன்? ரேஷன் கடை மூட்டைக் கணக்கு மறந்து போகும். போகட்டும்." பாண்டீஸ்வரியின் குரல் உடைந்தது. "என்னால குடுக்க முடிஞ்சது இது ஒண்ணுதான். இதையும் வேணாங்கிற. எம் பொருளு உனக்கு அவ்வளவு எளப்பமாப் போச்சா?"

மித்ராவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "எளப்பமா இருந்தா வாங்கிட்டுப் போயிருப்பேன்மா," என்றாள்.

தட்டுகளைக் கழுவி வைத்துவிட்டு பாண்டீஸ்வரி கூடத்துக்கு வந்தாள். வழக்கம்போல் குரல் மட்டும் சமாதானத்துக்கு வந்துவிட்டது. "நீ வேணா சித்த நேரம் படு. முகமெல்லாம் வீங்கிப் போயிருக்கு. நாலரைக்கு எழுப்பி விடறேன், எந்திரிச்சு அந்தப் பட்டியலைப் பூட்டு."

"நீ படும்மா," என்றாள் மித்ரா. "நான் முழிச்சிருக்கேன்."

"எனக்கெதுக்கு?"

"சும்மா படு. மூணு நாள் அங்க போயி முழிச்சுக் கெடந்துருக்க. இங்கயே, எம் பக்கத்துல."

பாண்டீஸ்வரி முணுமுணுத்துக்கொண்டே தரையில் பாயை விரித்தாள், தலையணையை மகளின் முழங்காலை ஒட்டிப் போட்டுக்கொண்டு படுத்தாள். கண்ணை மூடினாள். மூச்சைச் சீராக விட்டாள். மித்ரா குனிந்து பார்த்தாள். இமைக்குக் கீழே விழிகள் ஓடிக்கொண்டிருந்தன.

"அம்மா, நடிக்காத."

பாண்டீஸ்வரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "கண்டுபிடிச்சிட்டியா, கழுதை. என்னடி பண்றது? மூடுனா மூடுது, உள்ள போக மாட்டேங்குது."

"என்ன நினைச்சுக்கிட்டு இருக்க?"

"நீயும் தூங்கிட்டேன்னா மணி யாரு பாக்குறது?"

மித்ரா அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். நாடி பார்க்கிற பிடிதான், கை தானாக அப்படித்தான் போனது. "நான் தூங்க மாட்டேன். பேசிக்கிட்டே இருக்கேன். என் சத்தம் கேட்டா நான் முழிச்சிருக்கேன்னு அர்த்தம். சரியா?"

பேசுவதற்கு என்ன இருக்கிறது? கைப்பேசியில் இருந்த கல்லூரிப் பட்டியலைத்தான் சத்தமாகப் படிக்க ஆரம்பித்தாள். பெரிய கல்லூரி. அதற்கடுத்து கோயம்புத்தூர். அதற்கடுத்து தஞ்சாவூர். எந்த ஊரில் எத்தனை கட்டில், எந்த ஊரில் விடுதிச் சாப்பாடு வாயில் வைக்க விளங்காது, எந்தச் சீஃப் கோபம் வந்தால் கத்தரிக்கோலை விட்டெறிவார் என்று சீனியர்களிடம் கேட்டது, கேட்காதது, எல்லாவற்றையும் சொன்னாள். பாண்டீஸ்வரி முதலில் "ம்" கொட்டினாள். பிறகு அந்த "ம்" தள்ளித் தள்ளி வந்தது. தெருவில் கீரைக்காரரின் ஒலிபெருக்கி கேட்டதும் உடம்பு ஒருமுறை விதிர்த்தது. "நான்தான் இருக்கேன்ல," என்றாள் மித்ரா. விதிர்ப்பு அடங்கியது.

பட்டியல் முடிந்து மறுபடி முதலிலிருந்து படித்துக்கொண்டிருந்தபோது அம்மாவின் வாய் மெல்லத் திறந்தது. மூச்சு எங்கேயோ ஆழத்துக்குப் போய்விட்டுத் திரும்பியது. அப்புறம் ஒரு சத்தம். மித்ரா முதலில் என்னவோ ஏதோ என்று பயந்துவிட்டாள். குறட்டை! பாண்டீஸ்வரி குறட்டை விட்டாள். இந்த வீட்டில் அந்த உரிமை அப்பாவுக்கு மட்டும்தான் என்று அவள் நினைத்திருந்தாள்.

அவள் படிப்பதை நிறுத்தவில்லை. குரல் மட்டும் கம்மிப்போயிருந்தது. பட்டியலின் அடியில், யாரும் சீந்தாத இடத்தில், அந்த மலையடிவாரக் கல்லூரி இருந்தது. அறுவை மருத்துவம், ஐந்து வருஷம், துணை தேவையில்லை. அந்த வரியை மட்டும் மூன்று தடவை படித்தாள். இம்மானுவேல் கேன்டீனில் விழுந்து விழுந்து சிரிப்பான். அவளோடு படித்தவர்கள் எல்லாம் சர்ஜன் என்று பலகை மாட்டிய பிறகும் அவள் இரண்டு வருஷம் மாணவியாகவே இருப்பாள். கை அவனுக்கு ஓடுகிற மாதிரி ஓடாமலே போகலாம். அதை நினைத்தபோது நெஞ்சு வலித்தது, வலிக்கவில்லை என்று பொய் சொல்ல அவளுக்குத் தெரியாது. வலியோடேயே அந்த வரியை விரலால் பிடித்து மேலே மேலே இழுத்துக்கொண்டு வந்து, பெரிய கல்லூரிக்கு மேலே விட்டாள். இடது கையால்தான் செய்ய முடிந்தது, வலது கை அம்மாவிடம் இருந்தது. பூட்டவா என்று கைப்பேசி கேட்டது. பூட்டினாள்.

டெப்போவிலிருந்து வந்த ஜெயக்கொடி கூடத்தில் கால் வைத்ததும் திகைத்துப்போய் நின்றார்.

"என்னடா ஆச்சு அம்மாவுக்கு? உடம்புக்கு முடியலையா?"

"ஷ்ஷ். தூங்குதுப்பா."

"தூங்குறாளா?" அவரால் நம்ப முடியவில்லை. கொஞ்ச நேரம் மனைவியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "இவ இப்படித் தூங்கி நான் பார்த்ததே இல்லையேடா," என்றார். பிறகு செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, வந்த சுவடு தெரியாமல் வெளியே போனார். பக்கத்து வீட்டுக்காரரிடம் டிவி சத்தத்தைக் குறைக்கச் சொல்லி அவர் கெஞ்சுவது உள்ளே கேட்டது.

வெளிச்சம் மங்கத் தொடங்கியபோதுதான் பாண்டீஸ்வரி கண்ணைத் திறந்தாள். ஒரு கணம் எங்கே இருக்கிறோம் என்று விளங்கவில்லை. அடுத்த கணம் துள்ளி எழுந்து உட்கார்ந்தாள்.

"ஐயையோ! மணி என்னடி? அஞ்சாயிருச்சா? எழுப்புறேன்னு சொல்லிட்டு நானே தூங்கிட்டேனே! பாவி மக, உன் வாழ்க்கையையே கெடுத்துட்டேனே!"

"பூட்டியாச்சும்மா. பதறாத."

"பூட்டிட்டியா?" மார்பில் கையை வைத்து மூச்சு விட்டாள். "பெரிய காலேஜ்தானே?"

"இல்லம்மா. தேனிப் பக்கம். சர்ஜரிதான். அஞ்சு வருசம்."

"அஞ்சு வருசமா?" பாண்டீஸ்வரி மகளை முறைத்தாள். "கிறுக்கச்சி! நல்ல ரேங்கை எடுத்து வச்சுக்கிட்டு... ஊசியெல்லாம் இருக்குன்னு அந்த டாக்டரம்மா அத்தனை தூரம் சொல்லுச்சே..." வாய்க்கு வந்ததையெல்லாம் திட்டினாள். திட்டிக்கொண்டே இருந்தவள் பாதியில் நிறுத்தினாள். கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள். பாயின் கோரை வரிவரியாகப் பதிந்திருந்தது.

"நெசமாவே தூங்கிட்டேனா?"

"குறட்டை விட்ட."

"போடி." சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள். "நீ தூங்கலையா?"

"இல்லம்மா. முழிச்சுத்தான் இருந்தேன்."

"எம்புட்டு நேரமும்?"

"எம்புட்டு நேரமும்."

பாண்டீஸ்வரி அடுப்படிப் பக்கம் ஒருமுறை பார்த்தாள். விளக்குப் போட வேண்டும், தேநீர் வைக்க வேண்டும், மனுஷன் வருகிற நேரம். பார்த்துவிட்டுத் தலையணையைத் தட்டி மறுபடியும் மகளின் முழங்காலோரம் போட்டுக்கொண்டாள்.

"அப்பன்னா இன்னும் கொஞ்ச நேரம் முழிச்சிரு," என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டாள்.